அரணுக்குள்ளே யார்?

"இராமன் ஆண்டாலென்ன, இராவணன் ஆண்டாலென்ன" என்றொரு பழமொழி நம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. பழமொழி யாவும் முன்னோர் அறிவின் திரட்டு என்று போற்றுவோர் உளர். நாம் அக்கூட்டத்தைச் சேர்ந்தவரல்லர். அறிவிலே பிறந்த பழமொழிகளும் உண்டு. அடிமை வாழ்விலே பிறந்த பழமொழிகளும் உண்டு. இஃது இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆள்பவனை மாற்றவும் உரிமையின்றி, நாட்டைக் காக்கவும் உரிமையின்றிக் கிடந்த ஒருவன், அந்த இழிவை மறைத்துக்கொள்ளத் தத்துவம்போற் சொல்லிக்கொண்ட ஆறுதல் மொழியே இது.

இப்பழமொழி இன்னும் சாகவில்லை. செலண்டாரிலும் ஜாசினிலும் ஆசகானிலும் உள்ள சாப்பாட்டுக் கடைகளில் மாலை வேளையில் சிறிது நேரம் உட்கார்ந்திருப்போர் அதனை உயிரோடு காணலாம். உக்ரேனில் போர் என்கின்றனர். காசாவில் குண்டுமழை என்கின்றனர். தென்சீனக் கடலில் கப்பலும் கப்பலும் முறைத்து நிற்கின்றன என்கின்றனர். கேட்போரில் ஒரு சாரார், எந்த நாட்டு விமானம் எந்த நாட்டு விமானத்தை வீழ்த்தும் என்று பந்தாட்டம் பார்ப்பவர்போற் பேசி மகிழ்கின்றனர். மற்றொரு சாரார், "நமக்கென்ன அண்ணே? யார் வந்தாலும் நாம் குலை வெட்டத்தானே போகிறோம்" என்று சொல்லித் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போகின்றனர். முன்னவர்க்குப் போர் வேடிக்கை. பின்னவர்க்கு அஃது அயலார் வீட்டு வழக்கு. இருவர் பிழையும் ஒரே வேரில் முளைத்ததுதான். நாட்டின் பாதுகாப்பு அரசினர்க்கும் படைத்தலைவர்க்கும் உரிய காரியம், தோட்டத்தானுக்கும் பட்டணத்துக் கடைக்காரனுக்கும் அதிலே வேலையில்லை என்பதே அவ்வேர்.

அவ்வேரைக் கல்லியெறிய வேண்டும் என்பது நம் கருத்து. கப்பல் எத்தனை, விமானம் எத்தனை, உடன்படிக்கை எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது பாதுகாப்புக் கொள்கையில் ஒரு பாதியே. ஆபத்து வரும்போது யாரை உள்ளே அழைத்துக் கதவடைப்பர், யாரை வெளியே நிறுத்திக் கதவடைப்பர் என்று கேட்பது மறுபாதி. இம்மறுபாதியைக் கேளாத நாட்டில் முன்பாதிக்காகச் செலவிட்ட பொருளும் பாழாகும். இதற்குச் சான்று தேடிக் கடல் கடந்து போகவேண்டியதில்லை. நாம் மிதித்து நடக்கும் மண்ணிலேயே அச்சான்று கிடக்கின்றது.

வள்ளுவர் வைத்த வரிசை

பொருட்பாலில் வள்ளுவர் நாடு என்னும் அதிகாரத்தை 74-ஆவதாக வைத்தார். அரண் என்பதை 75-ஆவதாக வைத்தார். அதன்பின் பொருள் ஈட்டுதலைக் கூறி, 77-ஆவது அதிகாரத்திலேதான் படையின் சிறப்பைத் தொடங்குகின்றார். வரிசையை நோக்குக. முதலில் நாடும் அதில் வாழும் மக்களும், அடுத்து அவர்களைச் சூழ்ந்த அரண், அதன் பின்னர்ப் பொருள், கடைசியிலே படை. அரண் அதிகாரத்தை முடிக்குமிடத்தும், கோட்டை எத்துணைச் சிறப்புடையதாயினும் உள்ளிருப்போரிடம் செயற்றிறம் இல்லையேல் அதனாற் பயனில்லை என்ற கருத்தை வைத்தே முடிக்கின்றார். ஆளும் கூட்டத்தார் இவ்வரிசையைத் தலைகீழாக்கும் போதெல்லாம் கேடு விளைந்திருக்கின்றது.

நம் மலாக்காப் பட்டணத்தில் அதற்கு ஓர் அடையாளம் நிற்கின்றது. 1511-இல் இந்நகரைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர், பள்ளிவாசல்களையும் அரசர் கல்லறைகளையும் இடித்த கல்லைக் கொண்டு, அடிமைகளின் உழைப்பால் ஒரு பெருங்கோட்டை எழுப்பினர். 1641-இல் அது டச்சுக்காரர் கைக்கு மாறியது. பின்னர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அவ்வாங்கிலேயரே, வேறு எவனுக்கும் பயன்படலாகாது என்று 1807-இல் அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். இன்று மிஞ்சியிருப்பது ஒரு வாசல் மட்டுமே. சுவரில்லாத அவ்வாசலின்முன் நின்று வெளியூரார் படம் எடுத்துக்கொள்கின்றனர். ஊராரைப் புறத்தே வைத்து எழுப்பிய கோட்டை கட்டினவனையும் காக்கவில்லை, பறித்தவனையும் காக்கவில்லை.

கோடி கொட்டிய கோட்டை

ஆங்கிலப் பள்ளியிற் படித்த நமக்கு 1942-ஆம் ஆண்டைப்பற்றிக் கற்பிக்கப்படும் பாடம் மிகச் சிறியது: சிங்கப்பூரின் பீரங்கிகள் கடலை நோக்கி வைக்கப்பட்டிருந்தன, பகைவனோ நிலவழியே வந்தான் என்பதே அது. இஃது அரையுண்மை. அப்பீரங்கிகளிற் பல நிலப்பக்கமும் திரும்பின, சுடவும் சுட்டன. அவற்றுக்கு வைத்திருந்த குண்டுகளிற் பெரும்பாலானவை கப்பலின் இரும்பைத் துளைப்பதற்கானவை. பீரங்கி திரும்பிற்று, கொள்கை திரும்பவில்லை என்று சொல்வதே பொருந்தும்.

அக்கொள்கை என்ன? சிங்கப்பூரிற் பெருங் கடற்படைத் தளம் ஒன்று அமைப்பதென்று 1921-இல் ஆங்கில அரசினர் முடிவு செய்தனர். செம்பவாங்கில் ஏறத்தாழ 6 கோடி பவுன் செலவில் எழுந்த அத்தளம் 1938 பிப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டது. தளத்தை இங்கே கட்டுவது, ஆபத்து வரின் ஐரோப்பாவிலிருந்து கப்பற்படையை இங்கே அனுப்புவது என்பது திட்டம். 1939-இல் ஐரோப்பாவிலேயே தீப்பற்றிக்கொண்டது, அனுப்பக் கப்பலில்லை. கப்பலுக்கு ஈடாக விமானம் என்றனர். 336 விமானம் வேண்டும் என்று அவர்களே முடிவு செய்தனர். போர் மூண்ட நாளில் இருந்தவையோ 160-க்கும் குறைவு. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் விடியுமுன் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 10-ஆம் நாள், வந்திருந்த இரு பெரும் போர்க்கப்பல்களும் குவாந்தானுக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டன. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. எழுபது நாளில் எல்லாம் முடிந்தது.

படைநூல் வல்லார் இதற்குப் பல காரணம் கூறுவர். நாம் கிராணி வேலை பார்ப்பவர்கள். கணக்குப் புத்தகத்திற் கிடைக்கும் ஒரு காரணத்தைக் கூறுவோம். நிலப்பக்கம் அரண் அமைக்கக் கூலியாட்கள் வேண்டியிருந்தது. லண்டன் போர் அலுவலகம் வகுத்திருந்த கூலி விகிதமோ, தோட்டத்திலும் ஈயச் சுரங்கத்திலும் கிடைத்த கூலிக்குக் கீழே நின்றது. ஆகவே ஆள் கிடைக்கவில்லை. இன்னொரு புறம், மலாயாவின் ரப்பரும் ஈயமும் டாலர் ஈட்டித் தருவன. அவற்றின் உற்பத்தி குறையலாகாது என்று அதே லண்டன் கட்டளையிட்டது. கடற்படைத் தளத்துக்குக் கோடிக்கணக்கிற் பவுன். அதனைக் காக்கும் மண்ணரணுக்குக் கூலியில் சில காசு கூட்டித்தர மனமில்லை! தலைமைப் பொறியாளர் சிம்சன், டிசம்பர் இறுதியிலேனும் வடகரையில் அரண் கட்டலாம் என்று படைத்தலைவர் பெர்சிவலிடம் மன்றாடினார். அரண் கட்டுவதைக் கண்டால் மக்களின் மனவுறுதி குலையும் என்பது அவர் பெற்ற மறுமொழி. மக்கள் மனத்தை அறியாதவர்க்கே மக்கள் மனத்தைப்பற்றி இத்துணை உறுதி!

மிதிவண்டியின் கதை

மக்கள் மனம் எங்ஙனம் இருந்தது என்று அறிய அதே 1941-ஆம் ஆண்டின் முற்பகுதிக்குச் செல்லவேண்டும். அவ்வாண்டு மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். தமிழ் நேசன் இதழிற் பணியாற்றிய ஆர். எச். நாதன் அவர்க்கு வழிகாட்டினார். அவர்கள் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளர்க்கு ஒத்த கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடைகளை மூடுதல், துரைமாரும் அவர்தம் ஆசிய உத்தியோகஸ்தரும் பெண்களிடம் முறைகேடாக நடத்தலை ஒழித்தல். இவற்றோடு இன்னொன்றும் கேட்டனர். மிதிவண்டியிற் போகும் தொழிலாளி துரை எதிர்ப்பட்டால் இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் போகவேண்டும் என்றனர்.

மிதிவண்டியில் உட்கார்ந்து போகும் உரிமை! இதனைக் கேட்டவர்க்குக் கிடைத்த விடை துப்பாக்கி. நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கோத்தா பாருவில் பகைவன் இறங்குவதற்கு ஏழு மாதத்துக்கு முன்னே, மலாயாவின் பாதுகாப்புக்கென்று வைத்திருந்த படை மலாயாவின் தொழிலாளியைச் சுட்டது.

டிசம்பரில் வந்த ஜப்பானியப் படை இந்நாட்டுச் சாலைகளில் எதிலே வந்தது என்பதை வாசகர் அறிவர். மிதிவண்டியில் வந்தது! தமிழனை மிதிவண்டியிலிருந்து இறக்கி நிறுத்திய ஆட்சியை மிதிவண்டி ஏறி வந்தவர்கள் இறக்கினார்கள். ஜனவரி நடுவில் மலாக்கா வீழ்ந்தது. செலண்டாருக்கு வடகிழக்கே கிம்மாஸ் அருகிலும், தென்கிழக்கே மூவாரிலும் கடும் போர் நடந்தது. மூவாரில் நிறுத்தப்பட்டிருந்த 45-ஆவது இந்தியப் படைப்பிரிவினர் முழுப் பயிற்சியும் பெறாத இளைஞர்கள். இரு போர்க்களத்துக்கும் இடையில் அகப்பட்ட நம் தோட்டங்களுக்கு, எங்கே ஒதுங்குவது, எதை உண்பது, யாரை நம்புவது என்று சொல்ல எந்தத் திட்டமும் இருக்கவில்லை.

பினாங்கிற் கழற்றிய முகமூடி

பாதுகாப்புக் கொள்கையின் மெய்யான முகம் தோல்வி வரும்போதே தெரியும். பினாங்கில் அது தெரிந்தது. 1941 டிசம்பர் 11-ஆம் நாள் முதல் அவ்வூரின்மேல் குண்டுகள் விழுந்தன. சில நாளுள் ஐரோப்பியர் இரவோடிரவாகக் கப்பலேற்றப்பட்டனர்; ஆசிய மக்கள் விட்டுச் செல்லப்பட்டனர். ஊரில் காவலில்லை, பிணம் எடுக்க ஆளில்லை. வானொலி நிலையத்தைக்கூட அழியாது வைத்துச் சென்றனர். பின்னர்ப் பகைவன் அதிலிருந்தே பேசினான். சிங்கப்பூரில் அமைச்சர் டஃப் கூப்பர் வானொலியிற் பேசியபொழுது, பினாங்கு மக்கள் பத்திரமாக வெளியேற்றப்பட்டு விட்டனர் என்னும் பொருள்படச் சொற்களை வழங்கினார். கேட்ட ஆசிய மக்கள் கொதித்தனர். 'மக்கள்' என்ற சொல்லுக்குள் தாம் அடங்கவில்லை என்பதை அன்றுதான் அவர்கள் தெளிவாக அறிந்தனர்.

விட்டுச்சென்ற ஊரை யார் காத்தது? ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியர், இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து, ஊர்ப் பெரியோர் சிலருடன் கூடி ஒரு பணிக்குழு அமைத்தார். கோட்டையில் பறந்துகொண்டிருந்த ஆங்கிலக் கொடியை இறக்கினார். ஊரிலே படை இல்லை, குண்டு போடவேண்டா என்று வானொலியில் அறிவித்தார். கொடியை நட்டவர் அதனை இறக்கும் பொறுப்பையும் ஒரு தமிழ்ப் பத்திரிகையாளர் தலையில் வைத்துவிட்டுப் போயினர். பாதுகாப்பு நம் வேலையன்று என்று கூறும் நண்பர்கள் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கவேண்டும். நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், கடைசியில் அவ்வேலை நம் தலையிலேதான் வந்து விழும். முன்னதாகவே அதிற் பங்கு கேட்பது அறிவா, கடைசி நாளில் வெள்ளைக்கொடியைச் சுமப்பது அறிவா?

செக்ரோலில் இருந்த பெயர்கள்

இனிக் கூறப்போவதைக் கூற நம் கை கூசுகின்றது. எனினும் கூறாமல் விடுதல் தகாது.

சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 415 கிலோமீட்டர் நீள ரயில் பாதையை 1942-இன் பிற்பகுதியில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தனர். நேச நாடுகளின் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் அதில் வருத்தப்பட்டனர். 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். உலகம் அவர்களை அறியும். காஞ்சனபுரியிலும் சுங்காயிலும் தன்பியூசயாட்டிலும் அவர்களுக்குக் கல்லறைத் தோட்டங்கள் உண்டு. பெயர் பொறித்த கற்கள் உண்டு. புல்வெட்டி நீர் ஊற்ற ஆளுண்டு. அது வேண்டுவதே, நாம் குறை கூறவில்லை. ஆனால் மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்குக் குறையாத தொழிலாளர் அப்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலார் தோட்டத் தமிழர். ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர் என்பது பரவலான கணிப்பு. கைதிகளுக்கு அவர்தம் மருத்துவர் இருந்தனர், தலைவர் இருந்தனர், இறந்தவன் பெயரைக் குறித்துவைக்க ஆள் இருந்தது. 1943-இல் வாந்திபேதி பரவியபோது தமிழ்த் தொழிலாளர் முகாம்களில் இம்மூன்றும் இல்லை.

அவர்கள் எவ்வாறு பிடிக்கப்பட்டனர்? நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்ற ஆசைமொழியில் சிலர். இலவசப் படக்காட்சி என்று அழைத்துக் கதவை மூடி லாரியில் ஏற்றப்பட்டோர் சிலர். பலரோ, இத்தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கேட்கப்பட்டபோது பெயர் எழுதிக் கொடுக்கப்பட்டவர். எழுதிய கை யாருடையது? துரைமார் போய்விட்டனர். செக்ரோல் புத்தகம் இருந்தது. அதன்முன் கிராணி இருந்தார். பக்கத்தில் கங்காணி நின்றார். அச்சத்தால் எழுதினோரும் உண்டு. தமக்கு வேண்டாதவனைத் தொலைக்க எழுதினோரும் உண்டு. தம் பிள்ளையின் பெயரை விட்டு அடுத்த லயத்து விதவையின் பிள்ளையை எழுதினோரும் உண்டு. இப்புத்தகங்களை இன்று எழுதிக்கொண்டிருக்கும் நம் வகுப்பார்க்கு இவ்வரலாறு ஓர் எச்சரிக்கை. பாதுகாப்பற்ற நாட்டில் ஆளைக் காக்கவேண்டிய பதிவேடே ஆளைப் பிடித்துக் கொடுக்கும் வலையாகின்றது.

மாண்டவர்க்கு ஈடு என்ன கிடைத்தது? 1967-இல் ஜப்பான் மலேசியாவுக்கு 2½ கோடி வெள்ளி மதிப்புள்ள உதவி தருவதாக உடன்பட்டது; அரசுக்கும் அரசுக்கும் இடையே கணக்குத் தீர்ந்தது. எந்தத் தோட்டத்து விதவையின் அடுப்பிலும் அதனால் ஒரு பானை கூடுதலாக ஏறவில்லை. காஞ்சனபுரியில் இத்தமிழர்க்கென ஒரு நடுகல் எழுந்தது 2023-இல். எண்பது ஆண்டு கழித்து, அதுவும் தமிழர் முயற்சியால்!

இக்கூட்டம் கோழைக் கூட்டம், போருக்கு உதவாது என்று வெள்ளையர் எழுதி வைத்திருந்தனர். வீரக்குலம் என்று சில குலங்களை மட்டும் பொறுக்கிப் படையிற் சேர்த்தனர். 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தபின் அப்பொய்யும் உடைந்தது. தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்திற் சேர்ந்தனர். கேப்டன் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் பால்மரம் வெட்டிய பெண்களும் துப்பாக்கி தூக்கி அணிவகுத்தனர். அவர்கள் சேர்ந்த அணி வெல்லக்கூடியதா, அதன் துணைவர் நல்லவரா என்பது வேறு வழக்கு. தமது என்று ஒன்றைக் காட்டியபோது அவர்கள் உயிரைக் கொடுக்க முன்வந்தனர். தமதன்று என்று ஒதுக்கியபோது ஒதுங்கி நின்றனர். வேறெந்த மக்களும் இப்படித்தான் செய்வர்.

'அது அந்தக் காலம்' என்பார்க்கு

"அது வெள்ளையன் ஆட்சி, இப்போது நம் நாடு, நம் அரசு" என்று மறுமொழி கூறுவோர் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. 1957-க்குப் பின் இந்நாடு நம் நாடு. ஆகையினாலேயே நம் கேள்வியும் கூர்மையாகவேண்டும்.

வெள்ளையர் திரும்பி வந்தபின் 1948 ஜூனில் அவசர காலம் பிறப்பித்தனர். தொழிற்சங்கத் தலைவர் கணபதி 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். தோட்டத்து லயங்கள் ஓரிடத்திற் குவிக்கப்பட்டு முள்வேலி போடப்பட்டன. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. அபாயம் நீங்கிய வெள்ளைப் பகுதி என்று 1953-இல் முதன்முதல் அறிவிக்கப்பட்டது நம் மலாக்காவின் ஒரு பகுதிதான். பகைவன் உள்ளே நுழையாதிருக்க வேலி என்றனர். வேலியின் வாசலிற் சோதிக்கப்பட்டவன் தொழிலாளியே. காப்பதற்குப் போட்ட வேலிக்கும் அடைப்பதற்குப் போட்ட வேலிக்கும் முள் ஒன்றுதான்; உள்ளிருப்பவனைக் கலந்து போட்டதா என்பதிலேதான் வேறுபாடு.

பின்னர் உடன்படிக்கைகள் வந்தன. 1957-இல் ஆங்கிலேயருடன் தற்காப்பு உடன்பாடு. அதன் துணையாக மலாக்காவின் தெரெண்டாக்கில் காமன்வெல்த் படைக்குப் பெரிய முகாம். சூயஸுக்குக் கிழக்கே இனி நில்லோம் என்று 1968-இல் லண்டன் அறிவித்ததும் அப்படை விடைபெற்றது. இன்று அங்கிருப்பது மலேசியப் படை, அதுவே முறை. 1971-இல் ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு கையெழுத்தாயிற்று. மலேசியாவோ சிங்கப்பூரோ தாக்கப்பட்டால் ஐவரும் கூடிக் கலந்து ஆலோசிப்பர் என்பது அதன் சாரம். வந்து காப்போம் என்ற உறுதி அதிலில்லை. இவ்வேற்பாடு பயனற்றது என்று நாம் கூறவில்லை. கூட்டுப் பயிற்சிகள் ஆண்டுதோறும் நடக்கின்றன. அயலார் உறுதிமொழியை நம்பி உள்வீட்டைக் கவனியாதிருத்தல் கூடாது என்கின்றோம். உக்ரேன் நாடு 1994-இல் புடாபெஸ்டிற் பெற்ற உறுதிமொழிகளை நம்பித் தன்னிடமிருந்த அணுவாயுதங்களைக் கைவிட்டது. உறுதி தந்தவருள் ஒருவரான ரஷ்யர் 2014-இலும் 2022-இலும் அதன் எல்லைக்குள் நுழைந்தனர்.

கப்பலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடற்படைக்கு ஆறு போர்க்கப்பல் கட்ட 900 கோடி வெள்ளிக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டது. 600 கோடி வெள்ளிக்கு மேற் கொடுக்கப்பட்டும் ஒரு கப்பலேனும் கைக்கு வரவில்லை என்று 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு அறிவித்தது. 2021 மே 31-ஆம் நாள் சீனப் படையின் 16 விமானங்கள் சரவாக்கை ஒட்டிப் பறந்தபோது அக்கப்பல்கள் காகிதத்திலும் கட்டுமானத் துறையிலும் கிடந்தன. சாதாரணத் தோட்டக் கணக்கில் நூறு வெள்ளி குறைந்தாலும் கிராணியைக் கேள்வி கேட்டுத் துளைப்பர். 600 கோடிக்குக் கேள்வி கேட்க நமக்கு உரிமை இல்லையா? வரி நம்முடையது. கேள்வி கேளாத மக்களை வைத்துக்கொண்டு எந்த அரசும் நல்ல கப்பல் கட்டாது.

அரசினர் 2019 டிசம்பர் 2-ஆம் நாள் நாடாளுமன்றத்தில் தற்காப்பு வெள்ளையறிக்கை ஒன்றை முன்வைத்தனர். 'முழுமைத் தற்காப்பு' என்ற கொள்கை அதன் தூண்களில் ஒன்று. தற்காப்பு படைக்கு மட்டும் உரியதன்று, அரசின் எல்லாத் துறைக்கும் சமுதாயம் முழுமைக்கும் உரியது என்பது அதன் கருத்து. நல்ல கருத்து, வள்ளுவர் வரிசையோடும் ஒத்துவருவது. 'சமுதாயம் முழுமை' என்ற சொல்லுக்குள் தோட்டத்து லயம் அடங்குமா என்றே நாம் கேட்கின்றோம். 1941-இல் 'மக்கள்' என்ற சொல்லால் ஏமாந்தவர்கள் நாம்.

இன்று லயத்தில் இருப்பவன்

இங்கே நம்மவர் சிலர்க்குக் கசக்கும் ஒன்றைச் சொல்லித்தான் தீரவேண்டும். நம் தாத்தா இருந்த லயத்தில் இன்று இருப்பவன் யார்? பெரும்பாலும் வங்காளதேசத்தான், இந்தோனேசியன், நேப்பாளி. கடன் வாங்கித் தரகனுக்குக் கொடுத்து வந்தவன். பல இடங்களில் அவன் கடவுச்சீட்டு அவன் கையில் இல்லை. 2020-இல் மலேசியச் செம்பனை நிறுவனங்கள் இரண்டின் எண்ணெயை, கட்டாய உழைப்பின் அடையாளம் உண்டென்று அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. கொள்ளைநோய்க் காலத்தில் எல்லைகள் அடைபட்டபோது, ஆளில்லாமற் குலைகள் மரத்திலேயே அழுகின. அவன் இல்லையேல் நாட்டின் எண்ணெய்ப் பொருளாதாரம் நில்லாது என்பது அப்போது எல்லோர்க்கும் தெரிந்தது. நாளை இக்கடலில் ஒரு பூசல் மூண்டால், அரிசியும் மருந்தும் அளந்து கொடுக்கும் காலம் வந்தால், அவன் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கும்? கொடுக்கும் பட்டியலிலா, பிடிக்கும் பட்டியலிலா?

"அவன் அந்நியன், நமக்கென்ன" என்று நம்மவரே சொல்லக் கேட்டிருக்கின்றோம். 1942-இல் நம்மைப்பற்றியும் இதையேதான் சொன்னார்கள். சயாமுக்குப் போன நம் பாட்டனுக்கு நடுகல் எழுப்பிவிட்டு, அவன் இருந்த அறையில் இன்று இருப்பவனை அவன்போலவே நடத்துவது எந்த நாட்டு நியாயம்?

நாம் கேட்கவேண்டியவை

வேண்டுகோள்களை வெறும் உணர்ச்சியாக விட்டுவிட நாம் விரும்பவில்லை. முதலாவது, தற்காப்பு வெள்ளையறிக்கையும் அதன்மேல் நடக்கும் விவாதமும் தமிழில் கிடைக்கவேண்டும். நம் வாக்கைப் பெற்று நாடாளுமன்றம் செல்வோர் கோயில் மானியத்தையும் பள்ளி மானியத்தையும் பேசுவது போலக் கப்பற் கணக்கையும் பேசவேண்டும். இரண்டாவது, வெள்ளம், கொள்ளைநோய், போர் எதுவாயினும், அரிசியும் மருந்தும் ஒதுங்குமிடமும் தோட்டந்தோறும் எங்கே, யார் பொறுப்பில் என்பது முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். அப்பட்டியலில் தொழில் செய்ய வந்த அயல்நாட்டானும் இருக்கவேண்டும். அவன் கடவுச்சீட்டு அவன் கையில் இருக்கவேண்டும். மூன்றாவது, படையிலும் கடற்காவலிலும் நம் இளைஞர் சேரவேண்டும். சேர்ந்தவர்க்குப் பதவி உயர்வின் கதவு திறந்திருக்கவேண்டும். சேராமல் இருந்துகொண்டு ஒதுக்கினார்கள் என்று புலம்புவதும், ஒதுக்கிக்கொண்டே சேரவில்லை என்று பழிப்பதும் இரண்டும் ஒழியவேண்டும். நான்காவது, நம் தமிழ்ப்பள்ளிகள் ஒவ்வொன்றும் தன் வட்டாரத்திலிருந்து சயாம் போனவர் பெயர்களைத் திரட்டவேண்டும். நினைவுள்ள முதியோர் இன்று மிகச் சிலரே. அவர் பிள்ளைகளின் வாயிலிருந்தேனும் பெயர்களை எழுதிவைத்தால், ஒரு காலத்தில் பிடித்துக் கொடுக்கப் பயன்பட்ட எழுதுகோல் இப்போது மீட்டுக் கொடுக்கப் பயன்படும். நம் கிராணிமார்க்கு இதனினும் பொருத்தமான பணி வேறென்ன?

தோழர்களே! உலகப் பாதுகாப்பு என்பது வாஷிங்டனிலும் பெய்ஜிங்கிலும் லண்டனிலும் மட்டும் முடிவாவதன்று. நம் வாசலுக்கெதிரே ஓடும் மலாக்கா நீரிணை வழியே உலகத்துக் கப்பல்கள் இரவும் பகலும் போகின்றன. பெரியவர்கள் சண்டையிட்டால் முதலில் அடைபடுவது இவ்வழி. முதலில் எகிறுவது நம் அரிசி விலை. முதலில் நிற்பது நம் தோட்டத்து எண்ணெய் லாரி. ஆதலால் யார் ஆண்டாலென்ன என்று இனி எவரேனும் நம்மிடம் கூறினால், வாளாவிருத்தல் வேண்டா. "ஆள்பவன் பெயரைப் பிறகு பேசுவோம், அவன் கட்டும் அரணுக்குள்ளே யார் யார் பெயர் எழுதியிருக்கின்றது, முதலில் அந்தப் பட்டியலைக் காட்டு" என்று கேட்போமாக.